மூன்று மா நிலத்தை விற்க வேண்டாம், அம்மா

நீட் தேர்வில் மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் தாய்மாமன். அவளோ வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். சுவாமிமலைப் பக்கத்திலிருந்து வந்து இதைச் சொல்லிக் கலங்கினீர்கள்.

ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருபவர் இங்கே தொழில் செய்யத் தனித் தேர்வில் தேற வேண்டும். எழுதுவோரில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இதை உங்கள் அண்ணன் சொன்னாரா? கடன் ஏறினால் அதை அடைக்கப் போவது நீங்கள்தான்.

உங்கள் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள்: "அப்பாவின் சிலைப் பட்டறையில் ஈயம் உருக்குகிறார்கள். அங்கே விளையாடும் தம்பியின் உடம்பில் அது ஏறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது.

உடம்பில் ஏறிய நஞ்சைத் தலைமுடியிலும் தேடலாம். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்களை அதிலுள்ள கந்தகம் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்திலிருந்து ஆர்சனிக் விரைவில் விலகிவிடும். முடியில் மாதக்கணக்கில் தங்கும். 1971-72இல் ஈராக்கில் பாதரச மருந்து கலந்த விதைத் தானியத்தை உண்டு பலர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் முடியைத் துண்டு துண்டாக ஆராய்ந்து, எந்த மாதம் எவ்வளவு விஷம் ஏறியது என்று கணித்தார்கள்.

முடிப் பரிசோதனை என்றால் குழந்தைக்கு ஊசி வேண்டாம். பிடரியில் தோலை ஒட்டிக் கத்தரித்து, வேர்ப்பக்கம் தெரிய நூல் கட்டி, தாள் உறையில் போட்டால் போதும். ஆய்வகத்தில் அசிட்டோனிலும் தூய நீரிலும் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிகச் சிறிய அளவு உலோகத்தையும் காட்டும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் அளப்பார்கள். கழுவுவதில்தான் சூட்சுமம். முடியில் தெரியும் ஈயம் மேலே படிந்த பட்டறைத் தூசியா, உடம்புக்குள் போனதா என்று பிரித்தறிவது கடினம். அதனால் ஈயத்துக்கு இன்றும் ரத்தப் பரிசோதனைதான் நம்பகமானது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒரே ஆளின் முடியை ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பியபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. பொறுமையும் கைநேர்த்தியும் உள்ளவர்களுக்கு இங்கே வேலை மிச்சம் இருக்கிறது. வைத்தீஸ்வரன்கோவிலில் பிள்ளைகளுக்கு மொட்டையடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அரசு மகளிர் கல்லூரியில் இளநிலை வேதியியல் சேரட்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தனியார் கல்லூரியில் நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதுநிலைக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு. பிறகு நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். லக்னோவிலுள்ள நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உணவு, தடயவியல் ஆய்வகங்கள் என்று வழிகள் உள்ளன. சம்பளம் மெதுவாகத்தான் உயரும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடன் இருக்காது.

தம்பியைப் பற்றிய அச்சத்தில், முடிப் பரிசோதனை என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அரசு மருத்துவரைப் பார்த்து, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உருக்கும் நேரத்தில் அவனைப் பட்டறைப் பக்கம் விடாதீர்கள்.

கல்லூரி விண்ணப்பத்தை மகளே பூர்த்தி செய்யட்டும். அண்ணன் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.