27 நாடுகளும் ஒரு பொது வெளியுறவுக் கொள்கையும்: கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளியுறவு, பாதுகாப்பு, படைத்துறைக் கொள்கை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவைத் தடுத்துவிடும் வீட்டோ உரிமையைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் அதற்கு மட்டும் சற்று நீளமாக எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: ஐயா, நாணயத்தையே பொதுவாக்கிக் கொண்டவர்கள் படையைப் பொதுவாக்க ஏன் முயலவில்லை? (முதுகலை மாணவி)

நாணயத்துக்கு வெகுகாலம் முன்பே அவர்கள் படையைத்தான் பொதுவாக்க முயன்றார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும், மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில் தனி ஜெர்மன் படை ஒன்று எழுவதைப் பிரான்ஸால் ஏற்க முடியவில்லை. ஜெர்மன் வீரர்களை ஒரு பொது ஐரோப்பியப் படைக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சுப் பிரதமர் ரெனே பிளெவன் யோசனை சொன்னார். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1952 மே 27 அன்று அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு வருவதற்குள் ஸ்டாலின் இறந்துவிட்டார், கொரியாவில் சண்டை ஓய்ந்துவிட்டது, வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றிருந்தது. படையின் மீதுள்ள உரிமையையும் விட்டுக்கொடுப்பதா என்று தெகோலின் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். 1954 ஆகஸ்ட் 30 அன்று 319க்கு 264 என்ற வாக்குக் கணக்கில் ஒப்பந்தம் விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பு வணிகத்தின் வழியாக நடக்கட்டும், பாதுகாப்பை அமெரிக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அப்போது உருவானது. இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் மீண்டும் எப்போது தொடங்கினார்கள்?

1970இல் வெளியுறவு அமைச்சர்கள், ஒப்பந்தங்களுக்கு வெளியே, முறையாகக் கலந்து பேசத் தொடங்கினார்கள். தலைநகரங்களுக்கு இடையே சங்கேதத் தந்திச் செய்திகள் போய்வர ஒரு பின்னலையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். 1992இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்தான் ‘பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை’ என்ற ஒன்றைச் சட்டத்தில் எழுதியது.

எழுதிய மை உலர்வதற்குள் யுகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தது. 1991 கோடையில் லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் ஜாக் பூஸ், இது அமெரிக்கர்களின் வேளை அல்ல, ஐரோப்பாவின் வேளை என்று அறிவித்தார். அந்த வேளையில் ஐரோப்பா செய்தது மிகக் குறைவு. குரோவேஷியாவை அங்கீகரிப்பதில் ஜெர்மனி முந்திக்கொண்டது. மற்றவர்கள் தயங்கிப் பின்னால் வந்தார்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா. கொடியின் கீழ் நெதர்லாந்து வீரர்கள் காவல் நின்ற இடத்தில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். போரை முடித்த பேச்சுவார்த்தை அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஒரு விமானப்படைத் தளத்தில் நடந்தது. இந்தக் கொள்கையைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த அவமானம்தான் அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனையும் மாற்றியது. 1998 டிசம்பரில் பிரான்ஸின் சென் மாலோ நகரில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக்கும் சந்தித்து, தேவைப்பட்டால் தானே இயங்கும் படைவலிமை ஒன்றியத்துக்கு வேண்டும் என்று கூட்டாக அறிவித்தார்கள். படைத்துறைக் கொள்கையின் தொடக்கம் அதுதான்.

கேள்வி: முடிவுகள் நடைமுறையில் எப்படி எடுக்கப்படுகின்றன? வீட்டோவை ஏன் ஒழித்துவிடக் கூடாது?

பிரஸ்ஸல்ஸில் அரசியல், பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. 27 நாடுகளின் தூதர்கள் வாரத்துக்கு ஓரிரு முறை அங்கே கூடி, ஒரு வரைவின் ஒவ்வொரு சொல்லையும் தத்தம் தலைநகரங்களின் அறிவுறுத்தலோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அங்கே தீராதது வெளியுறவு அமைச்சர்கள் மன்றத்துக்குப் போகும். அதற்கு ஒன்றியத்தின் உயர் பிரதிநிதி தலைமை வகிக்கிறார். 1999இல் ஹாவியர் சொலானாவில் தொடங்கி, கேத்தரின் ஆஷ்டன், ஃபெடரிகா மொகெரினி, ஜோசப் பொரெல் ஆகியோர் இருந்த அந்தப் பதவிக்கு 2024 டிசம்பரில் எஸ்டோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ் வந்தார். அமைச்சர்களிடமும் தீராதது அரசுத் தலைவர்களின் உச்சி மாநாட்டுக்குப் போகும். எல்லாப் படியிலும் விதி ஒன்றே: ஒருவர் மறுத்தாலும் முடிவு இல்லை.

இதன் விளைவை மூன்று நிகழ்வுகளில் பார்க்கலாம். 2017 ஜூனில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் சீனாவைக் கண்டித்து ஒன்றியம் வெளியிட இருந்த அறிக்கையைக் கிரேக்கம் தடுத்தது. 2020இல் பெலாரஸ் ஆட்சியாளர்கள் மீதான தடைகளைச் சைப்ரஸ் பல வாரங்கள் நிறுத்திவைத்தது. பெலாரஸோடு அதற்குப் பகை ஏதும் இல்லை, தன் கடற்பரப்பில் எரிவாயு தேடிய துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சுவார்த்தை தொடங்கும் முடிவு எடுக்கப்பட்டபோது, ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் கூட்ட அறையை விட்டு வெளியே சென்றார். அவர் இல்லாத நேரத்தில் மற்ற 26 பேரும் முடிவை நிறைவேற்றினார்கள். அதே இரவில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்துவிட்டார். அந்தப் பணத்துக்கு ஒப்புதல் பெற அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்தால் வீட்டோ ஒழியட்டும் என்றே தோன்றும். ஆனால் 2021 ஜூனில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளாதிமிர் புடினுடன் ஒன்றியம் உச்சி மாநாடு நடத்தலாம் என்று ஜெர்மனியின் ஏங்கலா மெர்க்கலும் பிரான்ஸின் இமானுவேல் மக்ரோனும் முன்மொழிந்தபோது, போலந்தும் பால்டிக் நாடுகளும் விடாப்பிடியாக எதிர்த்து அதை நிறுத்தின. எட்டு மாதங்களில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. ரஷ்யாவின் பக்கத்தில் வாழ்வோரின் அச்சத்தைப் பாரிஸிலும் பெர்லினிலும் காதில் விழ வைத்தது அந்த மறுப்புரிமைதான். பதினான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட எஸ்டோனியாவிடம் போய், போர், அமைதி பற்றிய தீர்ப்பைப் பெரும்பான்மையிடம் விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல.

ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. மனித உரிமை அறிக்கைகள், தனிநபர் தடைகள், நீதிபதிகளையும் காவலர்களையும் அனுப்பும் குடிமைப் பணிகள் ஆகியவற்றுக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும்: அதாவது 27இல் 15 நாடுகள், மக்கள்தொகையில் 65 விழுக்காடு. படைவீரர்களை அனுப்பும் முடிவில் ஒருமித்த ஒப்புதல் நீடிக்கட்டும். உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் அதிகாரம் அந்த வீரர்களின் சொந்த நாடாளுமன்றத்திடமே இருப்பது நியாயம். ஒன்றியத்தின் இன்றைய விதிகளை வகுத்த லிஸ்பன் ஒப்பந்தமும் படை தொடர்பான முடிவுகளை விலக்கிவிட்டு, மற்றவற்றைப் பெரும்பான்மைக்கு மாற்ற ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வழியில் நுழையவும் உச்சி மாநாட்டின் ஒருமித்த ஒப்புதல் வேண்டும் என்பதால்தான் யாரும் இதுவரை நுழையவில்லை.

கேள்வி: மறுக்காமலும் ஆதரிக்காமலும் ஒதுங்கி நிற்க வழி உண்டா? அயர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நடுநிலை நாடுகள் என்ன செய்கின்றன?

உண்டு. ஒரு நாடு வாக்களிக்காமல் விலகி, ‘இம்முடிவு என்னைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்களைத் தடுக்கவும் மாட்டேன்’ என்று முறைப்படி அறிவிக்கலாம். 2008இல் கொசோவோவுக்குக் குடிமைப் பணிக்குழு அனுப்பப்பட்டபோது சைப்ரஸ் அவ்வாறு விலகி நின்றது. 2022இல் உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பும் முடிவில் அயர்லாந்து, ஆஸ்திரியா, மால்டா மூன்றும் ஒதுங்கிக்கொண்டு, உயிர் பறிக்காத பொருள்களுக்கு மட்டும் தங்கள் பங்கைச் செலுத்தின. இந்தக் கதவை இன்னும் பல நாடுகள் பயன்படுத்தினால் பாதி முட்டுக்கட்டைகள் நீங்கும்.

கேள்வி: ஒன்றியத்தின் படைகள் எங்காவது உண்மையில் பயன்பட்டிருக்கின்றனவா? (ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்)

உங்கள் துறையைச் சார்ந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008 டிசம்பரில் சோமாலியக் கடற்கொள்ளைக்கு எதிராகத் தொடங்கிய அட்டலாண்டா நடவடிக்கையின் முதல் கடமை, பட்டினியில் இருந்த சோமாலியாவுக்கு உலக உணவுத் திட்டத்தின் தானியம் ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குத் துணை போவது. 2011 தொடக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களும் எழுநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் கொள்ளையரிடம் சிக்கியிருந்தனர். அவர்களில் இந்தியர்களும் இருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் கடத்தல் ஏறக்குறைய நின்றுபோனது. நேட்டோ, இந்திய, சீனக் கடற்படைகளும், கப்பல்களில் ஏறிய ஆயுதக் காவலர்களும் அதற்குக் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும்.

போஸ்னியாவில் 2004 டிசம்பரில் நேட்டோவிடம் இருந்து பொறுப்பேற்ற அல்தியா படை இன்றும் இருக்கிறது. மாறாக, மாலியில் 2013 முதல் அந்நாட்டு இராணுவத்துக்கு அளித்த பயிற்சி, அந்த இராணுவமே இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்ததோடு பொருளிழந்து, 2024 மே மாதம் முடிவுக்கு வந்தது. அரசியல் தீர்வு இல்லாத இடத்தில் துப்பாக்கிப் பயிற்சி மட்டும் அமைதியைத் தராது என்பதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். 2007 முதல் சுழற்சி முறையில் தயாராக நிறுத்தப்பட்ட 1,500 பேர் கொண்ட போர்க்குழுக்களோ ஒருமுறைகூடக் களம் காணவில்லை. அனுப்பும் நாடே பெரும்பகுதிச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, தன் முறை வரும் ஆறு மாதமும் நெருக்கடி வராமல் கழிந்தால் போதும் என்றுதான் எந்த நிதியமைச்சரும் நினைப்பார்.

கேள்வி: நேட்டோ இருக்கும்போது இது எதற்கு?

27இல் 23 நாடுகள் நேட்டோவிலும் இருக்கின்றன. ஆகவே எல்லையைக் காக்கும் கூட்டுத் தற்காப்பு நேட்டோவிடமே இருக்கும். அதை மாற்ற யாரும் கோரவில்லை. சிக்கல், அமெரிக்கா வர விரும்பாதபோது என்ன செய்வது என்பதில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தை அமெரிக்கா விட்டு வெளியேறியபோது, தங்கள் குடிமக்கள் எல்லோரையும் வெளியேற்றி முடிக்கும் வரை அதைக் கையில் வைத்திருக்கும் வலிமை ஐரோப்பியர்களிடம் இல்லை. கனரகப் போக்குவரத்து விமானம், வானில் எரிபொருள் நிரப்பும் விமானம், உளவுச் செயற்கைக்கோள், பெரும் படையை நடத்தும் கட்டளைத் தலைமையகம் ஆகிய நான்கிலும் பற்றாக்குறை. இதை உணர்ந்துதான் 2022 மார்ச்சில் 5,000 பேர் கொண்ட விரைவுப் படைக்குத் திட்டம் வகுத்தார்கள்.

கேள்வி: உக்ரைன் போருக்குப் பிறகு பணம் குவிகிறதே, இனி எல்லாம் சரியாகிவிடுமா?

பணம் வந்தது பெரிய மாற்றம்தான். படை நடவடிக்கைச் செலவை ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க ஒப்பந்தம் தடை விதிப்பதால், அதற்கு வெளியே ஐரோப்பிய அமைதி நிதி என்று ஒன்றை 2021இல் அமைத்தார்கள். படையெடுப்பு தொடங்கிய சில நாள்களிலேயே அதிலிருந்து உக்ரைனுக்கு 50 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திட்டம் 80,000 கோடி யூரோ வரை திரட்டலாம் என்கிறது. அதில் கூட்டாகக் கடன் வாங்கித் தரும் தொகை 15,000 கோடி மட்டுமே. மீதி, உறுப்பு நாடுகள் தத்தம் கணக்கில் கூடுதலாகச் செலவழிக்க அளிக்கப்படும் விலக்கு.

ஆனால் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் கதையைப் பாருங்கள். பன்னிரண்டு மாதங்களில் பத்து இலட்சம் குண்டுகள் தருவோம் என்று 2023 மார்ச்சில் உறுதியளித்தார்கள். கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. தொழிற்சாலைகள் அமைதிக்கால அளவுக்குச் சுருங்கியிருந்தன, நீண்டகால ஆர்டர் இல்லாமல் புதிய உற்பத்தி வரிசையைத் தொடங்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை, வெடிமருந்துக்கும் தட்டுப்பாடு. அதோடு, ஒரே அளவுள்ள குண்டுதான் என்றாலும் ஒரு நாட்டின் குண்டு இன்னொரு நாட்டின் பீரங்கியில் தடையின்றிப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. 27 பேரும் தனித்தனியே வாங்கும் வழக்கம் தொடர்ந்தால் தொகை இரட்டிப்பானாலும் விலைதான் ஏறும்.

கேள்வி: காஸா விஷயத்தில் ஏன் ஒரே குரல் எழவில்லை?

2023 அக்டோபர் 27 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மனிதநேயப் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு எட்டு உறுப்பு நாடுகள் ஆதரவாகவும் நான்கு எதிராகவும் வாக்களித்தன. 15 நாடுகள் விலகின. ஜெர்மனியின் வரலாற்றுச் சுமையும் அயர்லாந்தின் காலனிய நினைவும் ஒரே வாக்காகச் சுருங்காது. உக்ரைனுக்குச் சொன்ன சட்டத்தைக் காஸாவுக்குச் சொல்லத் தயங்கியது ஒன்றியத்தின் நன்மதிப்பை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆழமாகக் குலைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: இந்தக் கொள்கை எப்போதாவது நம்மைத் தொட்டிருக்கிறதா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

நேரடியாகவே தொட்டிருக்கிறது. 2006 மே மாதத்தில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது இதே கொள்கைச் சட்டகத்தின் கீழ் எடுக்கப்பட்ட முடிவு. அதையடுத்து, இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் ஒன்றிய நாட்டவர் இருக்கக் கூடாது என்று புலிகள் வலியுறுத்த, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் கண்காணிப்பாளர்கள் வெளியேறினார்கள். ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து நாட்டவர் மட்டும் எஞ்சினார்கள். போர் மீண்டும் மூண்டுகொண்டிருந்த மாதங்களில் கண்காணிக்கும் கண்கள் குறைந்தன. ஒரு நகரில் எடுக்கும் தடை முடிவு தொலைவில் உள்ள களத்தில் என்ன செய்யும் என்று ஆராயும் ஏற்பாடு அப்போது போதுமானதாக இல்லை. தடை முன்மொழியப்படும் ஒவ்வொரு முறையும் அந்த நாட்டில் உள்ள தூதரகங்களின் எழுத்துபூர்வ மதிப்பீடு தூதர்கள் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று நான் தொடர்ந்து வாதிடுவதற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம்.