மர அலமாரிக்கு மூன்று கோட் வெள்ளை அடித்தும் மஞ்சள் கறை திரும்பத் திரும்ப வருகிறதா?

நான்காவது கோட் வெள்ளை அடிக்க வேண்டாம். மூன்று கோட்டிலும் மேலே வந்த கறை அதிலும் வரும். கறையை அடைக்க ஷெல்லாக் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அரக்கு அடிப்பூச்சு வேண்டும். இப்போதைய பெயின்டை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம்.

பெரும்பாலும் இந்தக் கறை மரத்தில் இயற்கையாகவே இருக்கும் டானின் என்ற நிறப்பொருள்தான். தேக்கு, ஓக், மஹோகனி போன்றவற்றில் அது அதிகம். தண்ணீர் கலந்த பெயின்ட் ஈரமாக இருக்கும்போது டானின் அதில் கரைந்து, காயக் காய மேல்பரப்புக்கு வந்துவிடுகிறது. நீங்கள் அடித்த ஒவ்வொரு கோட்டும் அதற்குப் புதிதாக ஈரம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வட்ட வட்டமாக மட்டும் தெரிந்தால் அது மரக்கணுவில் இருக்கும் பிசின். அதற்கும் இதே பிரைமர்தான், ஆனால் கணுவின் மேல் இரண்டு கோட்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கறை மேல் ஒரு துளி ப்ளீச் வைத்துச் சில நிமிடம் பாருங்கள். வெளுத்துப்போனால் அது பூஞ்சை. அப்போது முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாறாமல் இருந்தால் பெரும்பாலும் டானின். அப்புறம் அந்த இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள்.

பிரைமரை முதலில் பின்பக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் அடித்து, மேலே வெள்ளை பூசி, இரண்டு நாள் பொறுங்கள். கறை வராவிட்டால் முழுக்க அடிக்கலாம்.

ஷெல்லாக் பிரைமரில் ஆல்கஹால் இருப்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. அலமாரி மிகப் பழையது என்றால் அடியிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் தேய்க்காதீர்கள், முக்கியமாக வீட்டில் குழந்தைகள் இருந்தால்.