கையடக்க பிரெய்ல் டிஸ்ப்ளே: முதல் வாரக் கேள்விகளும் பதில்களும்

திரையில் இருக்கும் எழுத்தை விரலால் வாசிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி இது. எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டம் ஒரு செல். கேட்டவர் பெயர் கேள்விக்கு முன்னால்; பெயர் இல்லாதவை என் பதில்கள்.

புதுவிரல்: 20 செல் டிஸ்ப்ளே நேற்று கைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் என்விடிஏ திரைவாசிப்பான். எங்கிருந்து தொடங்குவது அக்கா?

முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். முதல் இணைப்பு கேபிளில்தான், புளூடூத் நாளைக்கு. பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் தரவு கடத்தும் கேபிளும் தடவினால் ஒன்றுபோலவே இருக்கும். முதல் நாள் தகராறில் பாதி இதனால்தான்.

செருகியபின் என்விடிஏ விசை, கண்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்ப்ளேயைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். ஆட்டோமேட்டிக்கில் விட்டால் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். இல்லையென்றால் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானும் என்விடிஏவும் ஒரே நேரத்தில் ஓடினால் முதலில் பிடித்தது விடாது; ஒன்றை மூடுங்கள்.

பிறகு மூன்று பட்டன்களை மட்டும் பழகுங்கள். வரியை வலப்புறம் நகர்த்தும் பேனிங், இடப்புறம் நகர்த்தும் பேனிங், ஒவ்வொரு செல்லுக்கும் மேலே இருக்கும் ரூட்டிங் பட்டன். ரூட்டிங்கை அழுத்தினால் கர்சர் அந்த எழுத்துக்கே வந்துவிடும். நடுவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அம்புக்குறியை முப்பது தடவை தட்ட வேண்டாம். பேனிங்கை ஒரு கைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற கையால் வாசியுங்கள். விரலை அழுத்தாதீர்கள், புள்ளி உள்ளே அமுங்கும்.

வாசிக்க உட்காரும் முன் கை கழுவுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

ஏழெட்டு: ஒரு எழுத்தின் அடியில் இரண்டு புள்ளி ஏறி இறங்குகிறது. பழுதா?

இல்லை. 7, 8 புள்ளிகள், அதுதான் கர்சர். எரிச்சலாக இருந்தால் பிரெய்ல் அமைப்புகளில் கர்சர் சிமிட்டலை நிறுத்துங்கள்.

மெய்யெழுத்து: ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழ்க் கோப்பைத் திறந்தால் எக்ஸ், பிறகு எண்கள் என்று ஒரே குப்பை.

குப்பை இல்லை, அது யூனிகோட் எண். ‘அ’வின் எண் 0பி85. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் அவுட்புட் டேபிளுக்கு அந்த எழுத்து தெரியாததால் எண்ணைக் கக்குகிறது. என்விடிஏ அமைப்புகள், பிரெய்ல், அவுட்புட் டேபிள் என்று போய்த் தமிழ் கிரேடு 1 தேர்ந்தெடுங்கள். தமிழில் தட்டச்சும் செய்வதானால் இன்புட் டேபிளையும் மாற்றுங்கள். இரண்டும் தனித்தனி. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் மறுநாள் திரும்பி வருகிறார்கள்.

டேபிள் சரியா என்று பார்க்க ‘அம்மா’ என்று எழுதி விரலால் எண்ணுங்கள். அடைப்புக்குள் இருப்பவை புள்ளி எண்கள்; செல்லின் இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. ஐந்து செல் வர வேண்டும்: அ (1), புள்ளி (4), ம (1-3-4), ம (1-3-4), ஆ (3-4-5). மெய்யின் புள்ளி அச்சில் எழுத்தின் தலையில் இருக்கும், பிரெய்லில் எழுத்துக்கு முன்னால் வரும். உயிர்க்குறியோ எப்போதும் பின்னால்தான். ‘கை’ என்றால் முதலில் க (1-3), அப்புறம் ஐ (3-4). அச்சில் கொம்பு முன்னால் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு நாள் தடுமாறுவார்கள்.

நாற்பதுக்காரன்: மன்னிக்கவும், இதனால்தான் சொல்கிறேன்: தமிழுக்கு 20 செல் வீண். 40க்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது.

பாதி சரி. அந்தப் பாதியை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ அச்சில் 13 எழுத்து. வ, க இரண்டு மட்டும் ஒரு செல். மற்ற 11 எழுத்தும் மெய்யோ உயிர்க்குறி ஏறியதோ, ஆளுக்கு இரண்டு செல். ஆக 24. ஒரே சொல் 20 செல்லில் அடங்காது. கிரேடு 1-இல் சுருக்கெழுத்து கிடையாது, ஆகவே தப்பிக்க வழியும் இல்லை.

ஆனால் ‘யாரும் வாங்கக் கூடாது’ என்பதை ஏற்க முடியாது. 40 செல் என்றால் 320 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பீசோ பட்டை, அதாவது மின்சாரத்தில் வளைந்து புள்ளியைத் தூக்கும் பட்டை. எடையும் விலையும் அங்கிருந்துதான் வருகின்றன. நின்றுகொண்டே செய்தி வாசிப்பவருக்கு அது சுமை.

சட்டைப்பை: நான் 14 செல்லில் போனை ஓட்டுகிறேன். மெனு, குறுஞ்செய்தி, எண்களுக்குப் போதும்.

நாற்பதுக்காரன்: மெனு சரி. 14 செல்லில் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுங்கள்!

இரண்டு பேரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிக்க, நிரல் எழுத, அட்டவணை பார்க்க 40. போனோடு அலைய 14 அல்லது 20. சின்னது வைத்திருப்பவர்கள் ஒரு அமைப்பை மாற்றிப் பாருங்கள். சொல்லை உடைக்காமல் காட்டும் வசதி வழக்கமாக இயங்கிக்கொண்டிருக்கும். 20 செல்லில் 8 செல் சொல் ஒன்றும் இடைவெளியும் போனால் மீதி 11. அடுத்த சொல் 12 செல் என்றால் அந்த 11-ஐயும் காலியாக விட்டுவிட்டுப் பேனிங் கேட்கும். அதை அணைத்தால் சொல் நடுவில் உடையும், ஆனால் பட்டன் அழுத்துவது குறையும். எனக்கு உடைந்தால் பரவாயில்லை. நாற்பதுக்காரருக்கு இது தேவைப்படாது என்று தெரியும், அவர் மறுபடி எழுத வேண்டாம்.

கனிமொழியாள்: ஐபோனில் புளூடூத் பட்டியலில் பெயர் தெரிகிறது, ஆனால் எழுத்து வரவில்லை.

தவறான வாசலில் தட்டியிருக்கிறீர்கள். புளூடூத் பட்டியலில் அதை மறக்கச் சொல்லிவிட்டு, ஐபோனின் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் இயங்கும்போது அமைப்புகள், அணுகல்தன்மை, வாய்ஸ்ஓவர், பிரெய்ல் என்று போய் அங்கே தேர்ந்தெடுங்கள். இணைந்ததும் டிஸ்ப்ளேயின் ஸ்பேஸையும் புள்ளி விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள்: ஸ்பேஸ் + 4 அடுத்த உருப்படி, ஸ்பேஸ் + 1 முந்தையது, ஸ்பேஸ் + 3-6 திறக்க, ஸ்பேஸ் + 1-2-5 முகப்புத் திரை. திடீரென்று பேச்சு நின்றால் பயப்படாதீர்கள், ஸ்பேஸ் + 1-3-4 தெரியாமல் பட்டிருக்கும். மறுபடி அடித்தால் பேசும்.

அவசரம்: ஆண்ட்ராய்டில் இணையவில்லை.

மேலே உள்ளதைப் படியுங்கள். ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான் டாக்பேக்; அதன் அமைப்புகளுக்குள் பிரெய்ல் பகுதி.

இருவழி: லேப்டாப்பில் நன்றாக இருந்தது. இன்று இணையவில்லை.

நேற்று போனோடு இணைத்தீர்களா? போனின் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கேபிள். எந்தக் கேபிள் என்று இனி சொல்ல மாட்டேன்.

தட்டச்சு: ச அடித்தால் அ வருகிறது, பின்னால் ஒரு புள்ளி தொங்குகிறது.

ச என்பது 1-4. நீங்கள் 1-ஐ விட்டபிறகு 4-ஐ அழுத்துகிறீர்கள். சாதனம் முதலில் அ, பிறகு தனியாக 4, அதாவது மெய்ப்புள்ளி என்று எடுத்துக்கொள்கிறது. எல்லா விரலும் இறங்கியபின் ஒன்றாக எடுங்கள். வேகம் பிறகு.

கைக்குட்டை: ஏழாவது செல்லில் 3-ஆம் புள்ளி எழவே இல்லை. ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கலாமா?

வேண்டாம்! எந்தத் திரவத்தையும் செல்லில் ஊற்றாதீர்கள். அது அழுக்கைக் கரைத்து உள்ளே இறக்கும், உள்ளே பட்டைகள் சுமார் 200 வோல்ட்டில் வேலை செய்கின்றன. சாதனத்தை அணைத்து, நூல் உதிராத துணியை லேசாக ஈரமாக்கி, பிழிந்து, மேலோட்டமாகத் துடையுங்கள். காய்ந்தபின் போட்டு வரியைப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒட்டியிருந்த புள்ளி சிலசமயம் அதிலேயே விடுபடும். அப்போதும் எழவில்லையென்றால் செல்லை மாற்ற வேண்டும், அது சர்வீஸ் ஆள் வேலை, ஊசியால் குத்தாதீர்கள்.

கை கழுவினீர்களா?

வாங்கலாமா: எந்தக் கம்பெனி நல்லது?

அதற்கு நான் ஆள் இல்லை. வாங்கும் முன் கையில் வைத்து ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள். பேனிங் பட்டன் உங்கள் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.