பல்லுக்கு வந்த அண்ணன்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குகிறார். முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும் என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் அண்ணன், ‘அங்கெல்லாம் வேண்டாம், இங்கே கூட்டி வந்து பண்ணலாம்’ என்கிறார். போன மாதம் பல் இம்ப்ளான்ட் வைக்கச் சென்னை வந்தபோதே இதைப் பேசி முடித்திருக்கலாம், ஊருக்கு வர அவருக்கு நேரமில்லை. அவர் வந்துபோனது அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவை லண்டன் அனுப்பலாமா?

பதில்: லண்டன் கிடக்கட்டும். எனக்கு அந்தப் பல்தான் உறுத்துகிறது.

அண்ணன் ஏன் சென்னை வந்தார்? அங்கே அரசு மருத்துவத்தில் இம்ப்ளான்ட் லேசில் கிடைக்காது, தனியாரிடம் போனால் ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் பவுண்டு, விமான டிக்கெட்டைச் சேர்த்தாலும் இங்கே லாபம். தப்பே இல்லை, காசின் அருமை தெரிந்த பிள்ளை. ஆனால் தன் தாடையில் துளை போட நம்ம ஊர் டாக்டரை நம்பியவருக்கு, அம்மாவின் முட்டி என்றதும் அதே நம்ம ஊர் டாக்டர் ஆகாமல் போய்விட்டாரா? நேரமில்லையாம்! சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், பஸ்ஸிலேயே வந்து காலை டிபனை அம்மா கையால் சாப்பிட்டிருக்கலாம்.

நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள், அம்மணி? மறைத்தீர்கள். அந்தக் காலோடு தினம் படி இறங்குகிறவருக்கு இதைத் தாங்கத் தெம்பிருக்காது என்று யார் சொன்னது? அண்ணனிடம் கேட்க உங்களுக்குத்தான் தெம்பில்லை.

சரி, லண்டன். விசிட்டர் விசாவில் போகிற அம்மாவுக்கு அங்கே இலவசம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியிலேயே வெளிநாட்டவரிடம் ஒன்றரை மடங்கு கட்டணம், அதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்த ஊர்க்காரர்களே மூட்டு மாற்ற மாதக்கணக்கில் வரிசையில் நின்று, வலி பொறுக்காமல் வேறு நாட்டு ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்தாலும், காலில் ரத்தம் உறைந்துவிடும் என்ற பயத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்பார்கள். முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சி வாரக்கணக்கில் போகும், வலியில் கண்ணீரே வரும், அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனபின் பூட்டிய ஃப்ளாட்டில் யார் இருப்பார்கள்?

பெற்றவளுக்கு ஆபரேஷன் என்றால் மகன்தான் வர வேண்டும். பணம் அனுப்புவதை, மகன் வந்ததாக நான் கணக்கு வைப்பதில்லை.

இன்னொன்று. இம்ப்ளான்ட் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை. ஸ்க்ரூ எலும்போடு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் விட்டு, பிறகுதான் மேலே பல் மாட்டுவார்கள். அதனால் அண்ணன் மறுபடி வருவார். முதலில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, பல் மாட்ட என்றைக்கு வருகிறார் என்று அண்ணனிடம் கேளுங்கள். கோவையில் அந்த வாரத்துக்கே நாள் வாங்கிவிடலாம்.