அது பொறுமை இல்லை, தம்பி

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. இருமினாலும் சிரித்தாலும் பிடரியில் இடிக்கும். யாழ்ப்பாணத்தில் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘கியாரி’ என்ற மூளை அமைப்புக் குறைபாடு என்றார்கள். நெல் வெட்டு முடியட்டும், அப்புறம் கிளினிக் போகலாம் என்றிருக்கிறோம். என் தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறோம். மூளை வருத்தம் என்று தெரிந்தால் குழம்பிவிடும். வெளியில் என்ன சொல்வது? மனைவி நல்ல பொறுமைசாலி. போன கிழமை தோசைக்கல் பட்டு விரல் பொக்களித்தது, அதைக்கூட அவ உணரவில்லை.
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் எனக்குக் கண் நின்றது. பொக்களிக்கும்வரை சூடு தெரியவில்லை என்றால், அதைப் பொறுமை என்று புகழ்வீர்களா?

கியாரி என்பது ஒரு மனிதரின் பெயர். பிராக் நகரில் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்த மருத்துவர் ஹான்ஸ் கியாரி, 1891-ல் இதை விவரித்தார். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் அடித்துவாரத்தால் கழுத்துக்குள் இறங்கிக் கிடப்பது. பொதுவாக 5 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் இந்தப் பெயர் போடுவார்கள். புத்தி பேதலிக்கும் வருத்தம் இல்லை, செய்வினையும் இல்லை.

சரி, கைக்கு வருவோம். அந்த நெருக்கத்தில் மூளையைச் சுற்றி ஓடும் நீர் தடைப்பட்டால், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணுக்குள் நீர் தேங்கிக் குழி விழலாம். சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நரம்பிழைகள்தான் அதில் முதலில் கெடும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. தலைக்கு ஸ்கான் எடுத்த வைத்தியருக்கு இந்த விரலைப் பற்றிச் சொன்னீர்களா? முள்ளந்தண்டுக்கும் ஸ்கான் வேண்டுமா என்று கேட்டீர்களா?

வயலுக்கு வெட்டு மெசின் பிடிக்கலாம். போன நரம்பை எங்கே பிடிப்பீர்கள்? பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம்விடும் சத்திரசிகிச்சை உண்டு. அது பெரும்பாலும் மேலும் கெடாமல் காப்பதற்குத்தான். போன உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.

தங்கையைக் கரைசேர்ப்பது அண்ணன் கடமை, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மனைவியின் மண்டையோட்டுக்கும் தங்கையின் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு ஓடுகிற சம்பந்தம் ஓடட்டும். கட்டியவளின் வருத்தத்தை ஒளிக்கிற வீட்டில் நாளைக்குத் தங்கை தன் வருத்தத்தை யாரிடம் சொல்லுவாள்?

இந்தக் கிழமையே பஸ் ஏறுங்கள். வைத்தியரிடம் முதலில் அந்த விரலைக் காட்டுங்கள். பிடரி இடிக்கிறதென்று யாரையும் கழுத்தைப் பிடித்து நெட்டி முறிக்க விடாதீர்கள். அதுவரை அடுப்படியில் நீங்கள் நில்லுங்கள்.