திருப்பாதிரிப்புலியூரில் கோயில் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தைக் கடைக்கு விடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தைக் கடைக்கோ குடோனுக்கோ வாடகைக்கு விட நினைக்கிறோம். ஊர் நடுவில் இருப்பதால் அது வணிகப் பகுதிதானே?

பதில்: ஊர் நடுவில் இருக்கிறது என்பதற்காக அது வணிகப் பகுதி ஆகிவிடாது. நாங்களும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் வீடும் திருப்பாதிரிப்புலியூரில்தான், லாரன்ஸ் ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா ஓய்வு பெற்றதும் முன்பக்கத்து இரண்டு அறைகளை ஒரு பெயிண்ட் வியாபாரிக்கு குடோனாக விட்டார். ஈ.பி. இணைப்பைக் கடைக் கட்டணத்துக்கு மாற்றினோம். சொத்து வரியையும் வணிகக் கட்டடத்துக்கு உள்ளபடி கூட்டிக் கட்டினோம். எல்லாம் முறைப்படி செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம்.

ஆறேழு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு ஆயா தின்னர் வாடையில் ராத்திரி தூங்க முடியவில்லை என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அந்தத் தெருவில் வீடுகளெல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் எங்கள் தப்பு. அவர் மகன் மனு கொடுத்தார். விசாரிக்க வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டுக்குன்னு அனுமதி வாங்கின கட்டடத்துல குடோன் எப்படி வந்துச்சு?" அப்பா ஈ.பி. அட்டையையும் வரி ரசீதையும் எடுத்து நீட்டினார். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கரண்டை எதற்குச் செலவழிக்கிறோமோ அதற்கான காசை மின்வாரியம் வாங்கிக்கொள்கிறது. கட்டடம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கான வரியை மாநகராட்சி வாங்கிக்கொள்கிறது. அப்படிப் பணம் வாங்கிக்கொண்டதால் அந்த உபயோகத்துக்கு அனுமதி கொடுத்ததாகாது. பட்டாவும் அப்படித்தான். அதில் இருக்கும் நஞ்சை, புன்செய், மனை எல்லாம் வருவாய்த்துறைக் கணக்கு. ஓர் இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வகுக்கிற திட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகைப் பகுதியிலும் எவையெல்லாம் வரலாம் என்று 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் சொல்கின்றன.

ஆதாரக் குடியிருப்பு (முக்கியமாக வீடுகளுக்கானது), கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம் (பள்ளி, மருத்துவமனை போன்றவை), தொழில் என்று வகைகள் போகும். இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: வணிகப் பகுதியில் நீங்கள் வீடு கட்டிக் குடியிருக்கலாம், ஆனால் ஆதாரக் குடியிருப்பில் நினைத்த கடையை வைக்க முடியாது. அங்கே பெட்டிக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர், ஒற்றை ஆள் தையற்கடை, குடியிருக்கிற டாக்டரோ வக்கீலோ வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன ஆலோசனை அறை மாதிரி அந்தத் தெருக்காரர்களுக்குத் தேவையானவைதான் வரலாம். கலப்புக் குடியிருப்பில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்னும் கொஞ்சம் இடமுண்டு. பெயிண்ட், தின்னர் போலத் தீப்பிடிக்கிற சரக்கைக் குவித்து வைப்பது தனி விஷயம். வீடுகளுக்கு நடுவில் அதை வைக்கவே கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து. மேலே குழந்தைகள் தூங்குகிற கட்டடத்தின் அடியில் அத்தனை டின்களை அடுக்க விட்டோமே என்று அம்மா இன்றைக்கும் வருத்தப்படுவார்.

கீழே கடை, மேலே வீடு என்பது கோயிலைச் சுற்றி வளர்ந்த நம் ஊர்களின் பழக்கம்தான். அது தொடர வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். தேரடிப் பக்கம் பூக்கடையும் பாத்திரக்கடையும் இல்லாமல் திருப்பாதிரிப்புலியூரை நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் பூக்கடைக்காரரால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வார்டு, பிளாக், டி.எஸ். எண்ணோடு (நகர நில அளவை எண்) நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய், அந்த எண்ணுக்கு என்ன நில உபயோகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதிர்வீட்டில் கடை இருக்கிறதே என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றில்லை. அப்புறம் பழைய வரைபட அனுமதியைத் தேடி எடுங்கள். பகுதி வணிகமாகவே இருந்தாலும், கட்டடத்துக்கு வீடு என்று அனுமதி வாங்கியிருந்தால் உபயோகத்தை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வண்டி நிறுத்த இடம் கேட்பார்கள். பழைய மனைகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான். கடை வைப்பவர் தொழில் உரிமமும் வாங்க வேண்டும். நிலத்தின் வகையையே மாற்றக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் அறிவிப்பு, ஆட்சேபணை, கட்டணம் என்று அது நீண்டுகொண்டே போகும். ஒரு கீழ்த்தள வாடகைக்காக அதில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

எழுத்தில் பதில் வரும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். நாங்கள் வாங்கிய அட்வான்ஸ் வீட்டுக் கூரையைச் சரிசெய்வதில் செலவாகியிருந்தது. குடோனைக் காலி செய்தபோது அதைத் திருப்பிக் கொடுக்க அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். இப்போது அந்த இரண்டு அறைகளில் ஒன்றில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். வாடகை முன்பு வந்ததில் பாதிதான். பக்கத்து வீட்டு ஆயா ஜாக்கெட் தைக்க அவரிடம்தான் கொடுக்கிறார்.