41 என்ற எண் கல்லுடையதா, கணக்குடையதா?

கேள்வி: உப்பூர் பக்கம் நடக்கும் ஒரு தார்ச்சாலை வேலைக்கு என் டிப்பரில் முக்கால் ஜல்லி (20 மில்லிமீட்டர்) ஆறு லோடு இறக்கினேன். லேப் ரிப்போர்ட்டில் ‘தட்டை, நீளம் சேர்த்து 41 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. கான்ட்ராக்டர் பணம் தர மறுக்கிறார், அள்ளிக்கொண்டு போ என்கிறார். 12,000 ரூபாய் கொடுத்தால் வேறு ரிப்போர்ட் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கல் உண்மையிலேயே மோசமா? ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த 12,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்த ஜல்லி 5,000 கிராம். தட்டைக்கல் 950 கிராம், அதாவது 19 சதவீதம். நீட்டுக்கல் 1,100 கிராம், 22 சதவீதம். கூட்டினால் 41. கூட்டல் சரி, கூட்டிய முறைதான் தப்பு. இரண்டு சதவீதத்தையும் அதே 5,000 கிராமில் வகுத்திருக்கிறார்கள்.

அது ஏன் தப்பு என்று புரிய, கல்லை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிய வேண்டும். முழு நுணுக்கத்துக்குள் போகவில்லை. 20 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து 16-இல் நின்ற கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 18. அதில் 0.6 பங்கு, அதாவது 10.8 மில்லிமீட்டருக்குக் குறைவான கனமுள்ள கல் தட்டைக்கல். தேங்காய்ச் சில் மாதிரி இருக்கும். 1.8 மடங்கு, அதாவது 32.4 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ளது நீட்டுக்கல். இரும்புத் தகட்டில் வெட்டிய காடியில் நுழைந்து போனால் தட்டை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நீளவாக்கில் போகாமல் முட்டிக்கொண்டால் நீளம். 1963-இல் வந்த இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2386 முதல் பகுதி சொல்வது இவ்வளவுதான்.

சிக்கல் வருவது இரண்டுமாக இருக்கும் கல்லில். காய்ந்த நெத்திலியைப் பார்த்திருப்பீர்கள். தட்டையும் அதுதான், நீளமும் அதுதான். ஜல்லிக் குவியலிலும் அந்த நெத்திலிகள் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, சைட்டில் ‘மோர்த்’ என்று சொல்வார்களே, அது இந்தக் கல்லை ஒரு தடவைதான் எண்ணச் சொல்கிறது. முதலில் தட்டைக்கல் முழுவதையும் பிரித்து ஓரமாக வைக்க வேண்டும். மிச்சம் இருக்கிற கல்லில் மட்டும் நீளம் பார்க்க வேண்டும். வகுக்க வேண்டியதும் அந்த மிச்சத்தின் எடையால்தான். பிறகுதான் கூட்டல்.

உங்கள் ஜல்லியில் நெத்திலி எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் இல்லை. ஒரு பேச்சுக்கு 560 கிராம் என்று வையுங்கள். தட்டை 950 கிராம், அதே 19 சதவீதம். மிச்சம் 4,050 கிராம். அதில் நீளமானது 1,100-இல் 560 போக 540 கிராம். 540-ஐ 4,050-ஆல் வகுத்தால் 13.3 சதவீதம். மொத்தம் 32.3. அதே சாக்கு, அதே கல். 41-க்கும் 32-க்கும் நடுவே ஒன்பது சதவீதம் வெறும் கால்குலேட்டரில் போயிருக்கிறது.

உடனே துள்ள வேண்டாம். நெத்திலி 560 இல்லாமல் 300 கிராம்தான் என்றால் மொத்தம் 38-ஐத் தாண்டிவிடும், கல் தேறாது. மறுசோதனை செய்தால்தான் தெரியும். அதைவிட முக்கியம், எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது. மோர்த் பழைய பதிப்பில் தார்க்கலவைக்கு உச்சவரம்பு 30. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது 35 ஆனது. 32.3 என்பது ஒன்றில் ஃபெயில், இன்னொன்றில் பாஸ். பழைய எஸ்டிமேட்டை அப்படியே காப்பி அடித்து ஒப்பந்தம் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். வாய்வார்த்தை வேண்டாம், பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி அந்தப் புரோக்கர். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், முகம் மாறும், பேச்சு மாறாது. “சார், கல்லைக் கொண்டு வர வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லுங்க.” கல்லைக் கேட்காமல் ரிப்போர்ட் தருபவன் தருவது வெறும் காகிதம். அந்தக் காகிதங்களை மூன்று அடையாளத்தில் நான் பிடித்திருக்கிறேன். எல்லா அளவிலும் எண்கள் முழுசாக, 14.0, 15.0 என்று உட்கார்ந்திருக்கும்; கல் அப்படி உடையாது. சல்லடைவாரி எடைகள் இருக்காது, கடைசிச் சதவீதம் மட்டும் இருக்கும். சாம்பிள் வந்த தேதியும் ரிப்போர்ட் தேதியும் ஒன்றாக இருக்கும். 20 மில்லிமீட்டர் ஜல்லியை நாலு அளவாகச் சலித்து, ஒவ்வோர் அளவிலும் குறைந்தது 200 கல்லை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தகட்டில் நுழைத்துப் பார்க்க வேண்டிய வேலை இது. வந்த சாக்கைப் பிரிப்பதற்குள் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகிறது என்றால் என்ன அர்த்தம்?

நாளைக்குச் சாலை பெயர்ந்தால் விஜிலென்ஸ்காரர்கள் வந்து சாலையைத் துளைத்து மாதிரித் துண்டு (கோர்) எடுப்பார்கள். போலி ரிப்போர்ட்டில் சப்ளையர் என்று இருக்கும் பெயர் உங்களுடையது. புரோக்கர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

உங்களுக்கு வேண்டியது வேறு ரிப்போர்ட் அல்ல, முறையான மறுசோதனை. அதில் பாதிச் சண்டை சாம்பிள் எடுப்பதில்தான். குவியலாகக் கொட்டிய ஜல்லியில் பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், பொடி நடுவிலும் உச்சியிலும் தங்கும். அடிவாரத்தில் ஒரு சட்டி அள்ளினால் ஒரு கதை, உச்சியில் அள்ளினால் வேறு கதை. குவியலைச் சுற்றி, மேல், நடு, கீழ் என்று பல இடங்களில், மேல்தோலைத் தள்ளிவிட்டு உள்ளிருந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, வேண்டிய எடை வரும்வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல கல்லாகப் பொறுக்கிச் சாக்கில் போடுவது உங்களுக்கு வரும் முதல் சபலம். வேண்டாம். பொறுக்கின சாக்கு சலித்த உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

லேபுக்குப் போனால் அந்தத் தகட்டைப் பாருங்கள். வருஷக்கணக்கில் கருங்கல் உரசி உரசிக் காடி அகன்றிருக்கும். 10.8 இருக்க வேண்டிய இடத்தில் 11.5 இருந்தால் தடித்த கல்லும் தட்டை என்று உள்ளே போய்விடும்; நஷ்டம் உங்களுக்கு. வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நீளம் பார்க்கும் சட்டத்தில் கம்பி வளைந்திருந்தாலும் இதே கதைதான்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லைதான், ஆனால் இந்த ராமநாதபுரக் கடற்கரையில் அடிக்கடி பார்ப்பதால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். 6.3 மில்லிமீட்டருக்குக் கீழான கல்லுக்கு இந்தச் சோதனையே கிடையாது. கால் ஜல்லி என்று வாங்குகிறோமே, அதில் 6.3 சல்லடையில் விழுந்ததை எல்லாம் தனியே ஒதுக்கிவிட வேண்டும். தட்டை பார்க்கக் கூடாது, நீளம் பார்க்கக் கூடாது, மொத்த எடையிலும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வகுக்கும் எண் பெரிதாகி விடை சின்னதாகிவிடும். மோசமான கல் நல்ல கல்லாகிவிடும். 5,000 கிராமில் 600 கிராம் பொடி என்றால் 4,400-ஆல்தான் வகுக்க வேண்டும். தொண்டி பக்கம் ஒரு வேலையில் இதைச் சொன்னதற்கு, “சார் எப்பவும் குறை சொல்வார்” என்றார்கள். ஆமாம், சொல்வேன். பொடியையும் போட்டு வகுத்துப் பாஸ் ஆக்கிய சாலைகளில் நானும் பைக்கில் போகிறேன்.

கல்லின் வடிவத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். தட்டைக்கல் ரோலருக்கு அடியில் அப்பளம் மாதிரி உடையும். உடைந்த இடத்தில் தார் படாத புது முகம் திறக்கும், அதில் தண்ணீர் ஏறும். நம் கரையில் நிலத்தடித் தண்ணீர் ஆழத்தில் இல்லை, பல இடங்களில் அதுவும் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை ஓரம் நாள் கணக்கில் தண்ணீர் நிற்கும். கடலைவிட்டுத் தள்ளி மேலூர் பக்கம் நாலு வருஷம் தாங்கும் சப்பைக் கல் தேவிபட்டினத்தில் ஒரு மழைக்கே கண்கண்ணாகப் பெயர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கரையோரம் நமக்கென்று கருங்கல் மலை கிடையாது, மணலும் களிமண்ணும்தான். ஜல்லி மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும், மதுரை, புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்தும் லாரியில் வர வேண்டும். ராமேசுவரத் தீவுக்கு என்றால் பாம்பன் பாலத்தையும் தாண்ட வேண்டும். இதுதான் புரோக்கருக்குத் தீனி. கிரஷர் எங்கே, எந்த மெஷின் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. தம்பி, உங்கள் கல் எந்தக் கிரஷரில் உடைத்தது? கல்லைத் தாடை போல நெரித்து உடைக்கும் ஜா மெஷின் மட்டும் உள்ள இடத்தில் சப்பை அதிகம் விழும். அதற்குப் பின்னால் வி.எஸ்.ஐ. என்று ஒரு மெஷின் வைத்திருப்பார்கள். கல்லைச் சுழற்றி எறிந்து உடைக்கும், கல் கன சதுரமாக வரும். யூனிட்டுக்கு விலை கூடத்தான். “எங்கள்ட்ட வி.எஸ்.ஐ. இருக்கு” என்பார்கள், நேரில் போனால் துருப்பிடித்து ஓரமாக நிற்கும். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள். ஏற்றும் முன் சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள், 10.8 மில்லிமீட்டருக்கு ஒரு காடி வெட்டி. 20-இல் விழுந்து 16-இல் நிற்கும் கல்லாக நூறு எடுத்து நுழைத்துப் பாருங்கள். எடைக்குப் பதில் எண்ணிக்கை என்பதால் இது ரிப்போர்ட் ஆகாது. ஆனால் முப்பது கல் உள்ளே போனால் அந்த லோடை ஏற்றாதீர்கள்.

இந்தச் சோதனை கல் குவாரியில் இருக்கும்போதே நடக்க வேண்டியது. நம் நடைமுறையில் லாரி வந்து, கொட்டி, பாதி பரப்பிய பிறகு சாம்பிள் போகும். நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு கடலோரச் சாலைக்கு நான் அனுப்பிய சாம்பிளின் ரிப்போர்ட் எனக்குத் திரும்பி வந்தபோது, அந்தச் சாலையில் தார் ஊற்றி, திறப்பு விழா நடந்து, பந்தல் பிரித்த குழிகூட மூடியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் ஃபெயில். ஃபைலில் கட்டி வைத்தேன், வேறென்ன செய்ய?

மறுசோதனையிலும் தேறாவிட்டால் ஆறு லோடும் மண்ணாகப் போகாது. சாலையின் அடியில் போடும் ஜி.எஸ்.பி. அடுக்குக்கு மோர்த் இந்த வடிவ வரம்பைக் கேட்பதில்லை. சல்லடை அளவுகளும் மற்றச் சோதனைகளும் ஒத்து வந்தால் கலந்து போடலாம். கான்கிரீட்டுக்கு 2016-இன் ஐ.எஸ். 383 சொல்லும் வரம்பு 40. 36, 38 வந்தால் வீடு கட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம், என்ன கல் என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கான்ட்ராக்டருக்கு ஒரு கடிதம். ‘நீளம் தட்டைக்கல் நீக்கிய மிச்சத்தில் கணக்கிடப்படவில்லை, இரு தரப்பும் நின்று சாம்பிள் எடுக்கக் கோருகிறேன்’ என்று இரண்டே வரி, தேதி போட்டு. அவர் ஆள், நீங்கள், முடிந்தால் பிரிவு உதவிப் பொறியாளர், மூன்று பேரும் நின்று எடுத்து இரண்டு சாக்காகக் கட்டுங்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒரு சாக்கு, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேபுக்கு. அந்த அங்கீகாரம் ஜல்லிச் சோதனைக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் உண்டு. இன்னொரு சாக்கு உங்கள் வீட்டில், கட்டு அவிழ்க்காமல். பணம் கைக்கு வரும்வரை அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.